மூன்றாம் ஓலையும் நகர்ந்துபோன கோயிலும்

முல்லையாற்றின் இரு கரைகளிலும் வாழும் சகல குடிமக்களுக்கும், மறைமாவட்டப் பெரியோர்களுக்கும், தொல்லியல் அறிஞர்களுக்கும், பொன்னாடை வியாபாரிகளுக்கும், இனிப் பிறக்கவிருக்கும் சந்ததியினருக்கும் மிகுந்த பணிவோடும் அதைவிட மிகுந்த பெருமையோடும் தெரிவித்துக்கொள்வது யாதெனில்: மணல்துறை கிராமத்தில் நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒரே இடத்தில் நின்றிருந்த புனித சவேரியார் கோயில், இந்த ஆண்டு தை பதினெட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்தே காலுக்கு நகரத் தொடங்கியது. முதல் நாள் நகர்ந்த தூரம் பதினோரு அடி. திசை கிழக்கு, அதாவது ஆற்றுப் பக்கம். அன்று சின்னமனூரில் செவ்வாழை கிலோ அறுபத்தைந்து, ஓடைப்பட்டியில் விதையில்லாத் திராட்சை தொண்ணூறு.

மணல்துறை, உத்தமபாளையத்துக்கும் சின்னமனூருக்கும் நடுவில், பேருந்து நின்றால் ஏறிக்கொள்கிற, நிற்காவிட்டால் கோபித்துக்கொள்ளாத ஊர். இருநூற்றுப் பத்து வீடு, இரண்டு கோயில். பழைய கோயிலுக்குப் பெரிய கோயில் என்று பெயர், அது சிறியது. புதியதற்குச் சின்னக் கோயில் என்று பெயர். அது மற்றதைப் போல மூன்று மடங்கு. இந்தக் குழப்பத்துக்குக் காரணம் 1926ஆம் ஆண்டுத் திருவிழா. சப்பரத்தின் முன்பக்கத்து இடது கம்பு யார் தோளில் ஏறுவது என்று மேலத்தெருவுக்கும் கீழத்தெருவுக்கும் வந்த சண்டையில் சப்பரம் நடுத்தெருவில் ஒன்பது நாள் நின்றது. சப்பரத்தில் இருந்த சம்மனசுப் பொம்மைகள், அதாவது வானதூதர்கள், மழையில் ஊறிச் சிறகு உதிர்ந்தன. பத்தாம் நாள் கீழத்தெருக்காரர்கள் தங்களுக்கென்று தனிக்கோயிலுக்கு அஸ்திவாரம் தோண்டினார்கள், பெரிதாக. அப்போதிருந்த பிரெஞ்சு சாமியார் இரண்டு தரப்பையும் உட்காரவைத்து ஒரு வழி செய்தார். பூசை எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் பார்க்கலாம்; கல்யாண ஓலை மட்டும் பெரிய கோயிலின் கூரைக்குக் கீழேதான் வாசிக்கப்படும். ஓலை என்பது, கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு தொடர்ச்சியாக, இன்னாரும் இன்னாரும் மணமுடிக்கப் போகிறார்கள், தடை ஏதும் தெரிந்தவர் சொல்லலாம் என்று பூசையின் முடிவில் சாமியார் சபைக்கு அறிவிப்பது. நடுவில் ஒரு ஞாயிறு தவறினால் ஓலை அறுந்துபோயிற்று என்பார்கள். மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். 1961இல் மழைக்குப் பயந்து ஒரு ஓலையைச் சின்னக் கோயிலில் வாசித்துவிட்டார்கள். அந்தத் தம்பதிக்குப் பேரன் பிறந்து அவனும் சவூதிக்குப் போய்விட்டான். இன்றைக்கும் அவர்கள் பேச்சு வந்தால் ஊர் லேசாக இருமிவிட்டுத்தான் மேலே பேசும்.

இந்த அமைதியான ஊரில் எட்வின் ஓய்வு பெற்றார். முப்பத்திரண்டு வருடம் கூட்டுறவுச் சங்கத்தில் செயலாளராக இருந்து, பணி நிறைவு பெற்ற மறுநாள் காலையிலேயே ‘மணல்துறை தொன்மைத் திருத்தலங்கள் பாரம்பரியப் பாதுகாப்புப் பேரவை’யைத் தொடங்கினார். தலைவர் அவர். செயலாளர் பதவியைக் கூடுதல் பொறுப்பாக அவரே ஏற்றார். பேரவை தன் முதல் கூட்டத்திலேயே தலைவருக்குப் ‘பாரம்பரியப் பேரொளி’ என்ற பட்டத்தை ஒருமனதாக வழங்கியது. தலைவர் கூச்சத்தோடு பெற்றுக்கொண்டார். பெரிய கோயில் நானூறு ஆண்டுப் பழமை வாய்ந்தது என்பது பேரவையின் முதல் கண்டுபிடிப்பு. கோபுரத்து மணியில் 1884 என்று வார்த்திருக்கிறதே என்று கேட்டதற்கு, அது மணியின் வயது என்றார் எட்வின். அவருடைய மனைவி திருப்பூரிலுள்ள மகள் வீட்டுக்குப் பத்து நாள் தங்கப் போனவர். அங்கே சத்தமில்லாமல் இருப்பதைக் கண்டு நான்காவது வருடமாகத் தங்கியிருக்கிறார்.

எட்வின் மேடையில் பேசிய ஒவ்வொரு சொல்லும் அவருடைய தங்கை கிளாரா எழுதியது. கிளாராவுக்கு வயது நாற்பத்தொன்று. உத்தமபாளையத்தில் கணக்கு டீச்சர். கோயிலைப் பற்றிய சிறுநூல், துறைகளுக்குப் போன நாற்பத்தாறு மனுக்கள், வரவேற்புரை, நன்றியுரை, இரங்கலுரை எல்லாம் அவள் கை. அவள் முதலில் எழுதித் தருவது ஒரு பக்கம் இருக்கும். எட்வின் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “கனம் பத்தல ஆத்தா” என்பார். அவள் ‘கோயில்’ என்ற இடங்களில் ‘தொன்மைமிகு திருக்கோயில்’ என்றும், ‘ஊர்’ என்ற இடங்களில் ‘வரலாற்றுச் சிறப்பு வாய்ந்த திருநகர்’ என்றும் மாற்றித் தருவாள். ஒரு பக்கம் நான்கு பக்கமாகிவிடும். தாய் தகப்பன் போனபிறகு அண்ணன் வீட்டில் இருக்கிறவள் என்பதால் இதைச் செய்தாள் என்று சிலர் சொன்னார்கள். கனம் ஏற்றுவது கூட்டல் கணக்கைவிடச் சுலபம் என்பதும் ஒரு காரணம்.

அவளைக் கட்டிக்கொள்ள விரும்பியவர் கீழத்தெரு வினோத்ராஜ். மனைவியை இழந்தவர், நாற்பத்து நான்கு வயது, விடியற்காலையில் கம்பத்திலிருந்து ஏலத்தோட்டத்துக்குக் கூலிப்பெண்களை மலையேற்றுகிற ஜீப்பின் டிரைவர். அவருக்கும் கிளாராவுக்கும் ஓலை ஏற்கெனவே இரண்டு தடவை தொடங்கி இரண்டு தடவையும் அறுந்திருந்தது. முதல் தடவை, மூன்றாம் ஞாயிறன்று பூசையின் நடுவில் ‘இரண்டே வார்த்தை’ பேச அனுமதி வாங்கிய எட்வின் ஐம்பது நிமிடம் பேசினார். அடுத்த ஊர் பூசைக்கு நேரமாகிவிட்டது என்று சாமியார் ஓலையை வாசிக்காமலே மோட்டார் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். இரண்டாம் தடவை, பாரம்பரிய வெள்ளையடிப்பு என்று சொல்லி எட்வின் மூன்று வாரம் கோயிலைப் பூட்டிவைத்தார். வேண்டுமென்றே செய்தாரா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கும் ஒரு உரை தயாராகியிருக்கும்.

மூன்றாம் தடவையாக ஓலை தொடங்கும்போது சாம்பல் புதனுக்குச் சரியாக மூன்று ஞாயிறு மிச்சமிருந்தது. சாம்பல் புதன் வந்துவிட்டால் தவக்காலம். பாஸ்கு என்கிற ஈஸ்டர் முடியும்வரை கல்யாணம் கிடையாது. வினோத்ராஜ் ஜீப்பை ஓரங்கட்டிவிட்டுக் கிளாராவிடம் சொன்னார். நிச்சயமான பிறகும் அவர் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்.

“டீச்சர், வண்டன்மேட்டு எஸ்டேட்ல வீடு குடுக்காக. அங்கனயே தங்கி வண்டி ஓட்டச் சொல்றாக. இந்தத் தடவையும் அறுந்துச்சுன்னா நான் ஏறிப் போயிருவேன். உங்க மேல கோவம் இல்ல. கீழ இருந்தா தினமும் கோயில் கண்ணுல படுது, அதான்.”

“எஸ்டேட்டுக்கு எப்பச் சொல்லணும்?”

“புதன்கிழமை.”

முதல் ஓலை தை பதினெட்டாம் தேதி காலையில் எந்தக் குறையுமில்லாமல் வாசிக்கப்பட்டது. அன்று மாலை பேரவையின் சார்பில் கல்வெட்டுத் திறப்பு. ‘இதே இடத்தில் நானூறு ஆண்டுகளாக நிலைபெற்று விளங்கும்’ என்று தொடங்குகிற பளிங்குக் கல், வாசலுக்கு அருகே தனிப்பீடத்தில். எட்வின் நாற்பது நிமிடம் பேசினார். கோயில் பதினோரு அடி பின்னால் போனது. சத்தம் ஏதும் கேட்கவில்லை. உள்ளே எரிந்த மெழுகுவர்த்திச் சுடர் மட்டும் ஒருபக்கமாகச் சாய்ந்து பிறகு நிமிர்ந்தது. முதுகைக் காட்டாமல், வாசலை ஊர்ப் பக்கமே வைத்துக்கொண்டு, பூசைப் பீடம் முன்னாலும் கதவு பின்னாலுமாகப் போனதால் அதை மரியாதை தெரிந்த கட்டடம் என்றுதான் சொல்ல வேண்டும். வாசற்படிகள் மூன்றையும் செருப்பைப் போலக் கழற்றி விட்டிருந்தது. உள்ளே பெருக்கிக்கொண்டிருந்த கோயில்பிள்ளை பீட்டர்ராஜ், குப்பையைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து, படி இருக்கும் என்று கால் வைத்து, மண்ணில் உட்கார்ந்தார். கூட்டத்திலிருந்தவர்கள் கைதட்டிக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை. மறுநாள் காலை வாசலுக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கும் வியாகுலமேரிதான் விஷயத்தை வெளியிட்டார். கோயில் நிழலில் ஒன்பதரை மணி வரை குளிர்ந்து கிடக்கும் அவருடைய பால் சட்டியில் எட்டரைக்கே வெயில் விழுந்துவிட்டது.

“ஏலே பீட்டரு, கோயில எங்கன கொண்டு போற?”

“நானா கொண்டு போறேன்? நான் உள்ளதான இருந்தேன்.”

“உள்ள இருந்தவன் கேக்க வேண்டியதுதான, எங்க போறன்னு.”

பீட்டர்ராஜ் மணிக்கயிற்றால் அளந்து பார்த்துப் பதினோரு அடி என்று உறுதி செய்தார். ஊர் கூடியது. அஸ்திவாரம் மணல் என்றது ஒரு தரப்பு. ஆற்றில் அள்ளிய மணலுக்குப் பதிலாகக் கோயில் போகிறது என்றது இன்னொரு தரப்பு. சின்னக் கோயில் ஏன் நகரவில்லை என்று கேள்வி வந்தது; அங்கே 1998லிருந்து ஒலிபெருக்கி இருக்கிறது, அதற்குப் பழகிவிட்டது என்று கீழத்தெருக்காரர்கள் கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்கள். பங்குச்சாமியார் சூசைமாணிக்கம் இளைஞர்; ஆயர் இல்லத்துக்குக் கடிதம் எழுதலாமா என்று யோசித்து, ‘பொருள்’ என்று போட்ட இடத்துக்குப் பிறகு என்ன எழுதுவது என்று தெரியாமல் விட்டுவிட்டார். எட்வின் செவ்வாய்க்கிழமை கண்டனக் கூட்டம் நடத்தினார். யாரைக் கண்டிப்பது என்பது முடிவாகாததால் பொதுவாகக் கண்டித்தார்கள். கோயில் பத்தொன்பது அடி போனது. வியாழக்கிழமை தேனியிலிருந்து யூடியூப் சேனல்காரர் ஒருவர் வந்து எட்வினைக் கோயில் முன்னால் நிறுத்திப் பேட்டி எடுத்தார். பேட்டி முடியும்போது படத்தில் எட்வின் பெரிதாகத் தெரிந்தார், கோயில் சிறிதாகத் தெரிந்தது. பதினான்கு அடி. சனிக்கிழமை, வரப்போகிற தேர்தலில் நிற்கப்போகிறவர்களாகத் தங்களைக் கருதிக்கொண்ட இருவர் தனித்தனியே வந்து ஆறுதல் கூறினார்கள். பதினாறு அடி. பீடத்துப் பக்கத்துச் சுவர் ஆற்று விளிம்பைத் தொட்டது.

இந்த எண்களைக் கிளாரா வரைபடத் தாளில் குறித்துக்கொண்டு வந்தாள். நிமிடத்துக்கும் அடிக்கும் பொருத்தம் வரவில்லை. சாமியாரின் பிரசங்கத்துக்குக் கோயில் அசைவதே இல்லை. அவர் ஏழு நிமிடத்துக்கு மேல் பேசுவதில்லை, அதிலும் பாதி வண்டி நிறுத்துகிற இடத்தைப் பற்றியது. உரைகளின் நகல் அவளிடம்தானே இருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் அவற்றை எடுத்துக்கொண்டு தனியாகக் கோயில் வாசலுக்குப் போனாள். செங்கல் பொடியால் கதவோரம் ஒரு கோடு இழுத்தாள். “மேற்குச் சன்னலில் இரண்டு கண்ணாடி இல்லை” என்று வாசித்தாள். கோயில் நின்றது. “ஒப்புயர்வற்ற” என்றாள். கதவு கோட்டைவிட்டு மூன்று விரற்கடை விலகியது. “அண்ணனுக்கு ஐம்பத்தொன்பது வயது” என்றாள். ஒன்றுமில்லை. “பேரொளி” என்றாள். நான்கு விரற்கடை. இத்தனை வருடமாக ஒரு கட்டடத்தை ஊரைவிட்டுத் துரத்தப் போதுமான சரக்கை உற்பத்தி செய்து கொடுத்திருக்கிறோம் என்பது அவளுக்குத் தெளிவாயிற்று. தாளை மடித்து எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து சோறு வடித்தாள்.

இரண்டாம் ஓலை வாசிக்கப்பட்டது. பூசை கேட்டவர்களுக்குப் பீடத்துக்குக் கீழே தண்ணீர் சலசலப்பது கேட்டது. பூசை முடிந்து வெளியே வந்ததும் எட்வின் வரலாறு காணாத ஒரு முடிவை அறிவித்தார். கோயில் மனம் புண்பட்டிருக்கிறது, அதன் பெருமையை நாம் போதிய அளவு எடுத்துச் சொல்லவில்லை, ஆகவே வருகிற சனிக்கிழமை கோயிலுக்கு மாபெரும் பாராட்டு விழா. ஒன்பது பேர் உரை. பன்னிரண்டு பொன்னாடைகளைச் சேர்த்துத் தைத்துக் கோபுரத்துக்குப் போர்த்துவது. உரைகள் வழக்கம்போல.

கிளாரா கணக்குப் போட்டாள். ஆற்றின் அகலம் தொண்ணூறு அடி. நட்டாறு வரைதான் இந்தப் பங்கு. அந்தப் பக்கம் வேறு பங்கு, வேறு சாமியார். சூசைமாணிக்கம் அங்கே போய் ஓலை வாசித்தால் செல்லாது. மிச்சம் நாற்பத்தைந்து அடி. அண்ணனின் மூன்று உரைக்கே அது சரியாகப் போய்விடும், இதில் ஒன்பது. அதுவும் மூன்றாம் ஓலைக்கு முந்தின நாள்.

“நான் எழுதித் தர மாட்டேன்னு சொன்னா?”

“சொல்லமாட்ட” என்றார் எட்வின். “ஊருக்காகக் கேக்கேன்.”

“கோயில் போறதே உங்க பேச்சக் கேட்டுத்தான் அண்ணே.”

“பேச்சுக்கு ஒரு சக்தி இருக்குன்னு நான் எப்பவுமே சொல்றவன்தான.”

 கிளாரா ஒன்பது உரையும் எழுதித் தருவதாகச் சொன்னாள். ஒரே நிபந்தனை, எல்லாரும் எழுதியதை எழுதியபடி வாசிக்க வேண்டும். எட்வின் அதில் என்ன சிரமம் என்று ஒப்புக்கொண்டார். அவர் எப்போதும் எழுதியதை வாசிக்கிறவர்தான். எழுத்துக்கூட்டக்கூட மேடையில்தான் கற்றுக்கொண்டார் என்பது வியாகுலமேரியின் அபிப்பிராயம். ஐந்து நாள் மாலையும் உட்கார்ந்து கிளாரா ஒன்பது உரைகளையும் எழுதினாள். எதிலும் கனம் ஏற்றவில்லை. ஒவ்வொரு பேச்சாளரையும் பார்த்து, உங்களுக்கும் கோயிலுக்கும் என்ன என்று கேட்டு, அவர்கள் சொன்னதை அப்படியே இறக்கினாள்.

விழாவுக்கு நானூறு பேர் வந்தார்கள். கோபுரத்தில் பொன்னாடை காற்றில் படபடத்தது. முதல் பேச்சாளர் தாளைப் பார்த்து வாசித்தார்: “இந்தக் கோயிலுக்கு மூன்று கதவு. வடக்குக் கதவு திறக்காது.” கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. “கூரை நாலு இடத்தில் ஒழுகும். ஒழுகாத இடத்தில்தான் எங்கள் குடும்பம் முழங்காலிடும். அந்த இடத்துக்கு எங்கள் அப்பா சண்டை போட்டிருக்கிறார்.” இரண்டாமவர், தனக்கு இங்கே ஞானஸ்நானம் கொடுத்தார்கள் என்றும் அதற்குப் பிறகு வருவது குறைவு என்றும் வாசித்தார். மூன்றாமவர், 1926 சண்டையில் சப்பரக் கம்பைப் பிடித்து இழுத்தவர் தன் பாட்டனார்தான் என்றும், அவருக்குத் தோள் வலி இருந்ததால் உண்மையில் தூக்கும் உத்தேசம் கிடையாது என்றும் வாசித்தார். கீழத்தெருக்காரர்கள் சிரித்தார்கள். மேலத்தெருக்காரர்களும் கொஞ்சம் பொறுத்துச் சிரித்தார்கள். பீட்டர்ராஜ் பேச்சாளர் பட்டியலில் எட்டாவது. “காணிக்கைப் பெட்டியில் தினமும் பல்லி இருக்கும். நான் அதை விரட்டுவதில்லை” என்று வாசித்துவிட்டு உட்கார்ந்தார். எட்டு உரை. அன்று காலை கிளாரா புதிதாக இழுத்திருந்த செங்கல் கோட்டுக்கும் கதவுக்கும் இடையே ஒரு நூல் இடைவெளிகூட வரவில்லை. கூட்டத்தின் கடைசியில் ஜீப்பில் சாய்ந்து நின்ற வினோத்ராஜைக் கிளாரா பார்த்தாள். அவர் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார், எட்டு மடங்கியிருந்தது.

ஒன்பதாவதாக எட்வின் எழுந்தார். கையிலிருந்த தாளைப் பார்த்தார். அதில் நான்கே வரிகள் இருந்தன. முதல் வரி, ‘இந்தக் கோயிலைப் பற்றி என் தங்கைக்குத் தெரிந்த அளவு எனக்குத் தெரியாது.’ அவர் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

“எழுதி வச்சதப் பேசுறவன் நான் இல்ல” என்று ஆரம்பித்தார். “இன்னைக்கு என் நெஞ்சு பேசுது.”

அது இருபத்தாறு நிமிடம் பேசியது. உலகில் முதன்முதலாகச் சூரிய வெளிச்சம் விழுந்த மண் என்றது. சவேரியார் இந்தத் துறையில் கால் கழுவியதை நேரில் பார்த்தது போலச் சொன்னது. ரோமாபுரி பொறாமைப்படுகிறது என்றது. கூட்டத்தைப் பார்த்து நின்றதால் எட்வினுக்குப் பின்னால் நடந்தது எட்வினுக்குத் தெரியவில்லை. கோயில் ஆற்றில் இறங்கியது. குடிநீருக்காக அணையில் திறந்துவிட்ட தண்ணீர் முழங்கால் அளவுதான். கட்டடம் அவசரப்படாமல், ஆனால் ஒரு இடத்திலும் நிற்காமல், நட்டாற்றைத் தாண்டியது. பொன்னாடை கழன்று வீரபாண்டிப் பக்கமாக மிதந்து போயிற்று. கூட்டம் எழுந்து நின்றது. அதைத் தனக்கான மரியாதை என்று எடுத்துக்கொண்ட எட்வின் குரலை உயர்த்தினார். கோயில் கிழக்குக் கரையேறி, ராஜா முகம்மது ராவுத்தரின் தென்னந்தோப்புக்குள் நான்காம் வரிசைக்கும் ஐந்தாம் வரிசைக்கும் நடுவில் புகுந்து நின்றது. “இதோ,” என்று எட்வின் கையை வீசிக்கொண்டு திரும்பினார், “எனக்குப் பின்னால் காலத்தால் அசையாமல் நிற்கிற இந்த…” பின்னால் ஆறு ஓடிக்கொண்டிருந்தது.

வினோத்ராஜ் மடக்கியிருந்த விரல்களை விரித்தார். வண்டியில் ஏறிப் போனார்.

ஞாயிறு காலை ஊரே வேட்டியையும் சேலையையும் தூக்கிக்கொண்டு ஆற்றைக் கடந்தது. தோப்பு வாசலில் ராஜா முகம்மதுவும் அவர் மனைவி லத்திபாவும் நின்றிருந்தார்கள். சாமியார் ஈரக்காலோடு மன்னிப்புக் கேட்டார்.

“எதுக்கு மன்னிப்பு? அதுவா வந்துச்சு” என்றார் ராவுத்தர். “ஒரு மரம் சாயல. சொட்டுநீர்க் குழாயக் கூட மிதிக்காம நின்னுருக்கு. எங்க சம்பந்தகாரங்க வந்தப்பகூட இம்புட்டு சூதானமா வரல.”

“அந்தப் பேச்ச எதுக்கு இங்கன எடுக்குறீக” என்றார் லத்திபா. பிறகு கிளாராவைப் பார்த்து, “உள்ள போ தாயி, நேரமாச்சு” என்றார்.

பூசை முடிந்தது. சாமியார் ஓலையை எடுத்தார். வாசிக்காமல் கீழே வைத்தார். இந்தக் கரை தன் பங்கு இல்லை, தான் வாசித்தால் சபைச் சட்டப்படி செல்லாது, தவக்காலம் முடிந்து பார்க்கலாம் என்றார். ஊர் முனகியது. கடைசி வாசலில், உள்ளே வராமல், வினோத்ராஜ் நின்றிருந்தார். எஸ்டேட்காரருக்குச் சொல்லவேண்டிய செல்போன் கையில் இருந்தது. கிளாரா பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்தாள்.

“சாமி, இந்தக் கரைச் சாமியாருக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்க.”

நூறு வருட ஒப்பந்தமும், இரண்டு பங்குகளின் எல்லையும், திருச்சபைச் சட்டமும் அடங்கிய அந்தப் பெரும் சிக்கலை எடுத்துக்கொண்டு சூசைமாணிக்கம் சாமியார் பூசை உடுப்போடு தோப்புக்குள் போனார். நாற்பது விநாடியில் திரும்பினார். அந்தச் சாமியார் அடுத்த பூசைக்கு வண்டியில் போய்க்கொண்டிருந்தாராம். ‘வாசிச்சுக்கங்க, எனக்கு என்ன’ என்றாராம்.

ஓலை வாசிக்கப்பட்டது. மேலத்தெரு காலஞ்சென்ற ஞானப்பிரகாசத்தின் மகள் கிளாராவுக்கும், கீழத்தெரு காலஞ்சென்ற மிக்கேலின் மகன் வினோத்ராஜுக்கும், மூன்றாம் ஓலை. தடை ஏதும் தெரிந்தவர் சொல்லலாம்.

எட்வின் எழுந்தார்.

 அவர் பேசினால் கோயில் இங்கேயும் நிற்காது என்பது எல்லாருக்கும் தெரியும். இன்னும் கிழக்கே போனால் தோப்பு முடிந்துவிடும், அதற்கப்பால் நெடுஞ்சாலை. வாசலில் ராஜா முகம்மது ஒரு கையால் குழாயைப் பிடித்துக்கொண்டு மறு கையைத் தூக்கினார், பேருந்தை நிறுத்துவதைப் போல. எட்வின் தொண்டையைச் செருமினார். சட்டைப்பையைத் தொட்டார். முந்தின நாள் தாள் அங்கேதான் இருந்தது, அதை எடுக்கவில்லை. தங்கையைப் பார்த்தார். அவள் அவரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். வாயைத் திறந்து மூடினார். திரும்பத் திறந்தபோது குரல் அவருடையதாக இல்லை, அல்லது முதல் தடவையாக அவருடையதாக இருந்தது.

“எனக்கு எழுதித் தர வேற ஆள் இல்ல சாமி.”

கோயில் அசையவில்லை. மெழுகுவர்த்திச் சுடர் நேராக நின்றது. சாமியார் ஓலையை மடித்தார்.

“அது தடை இல்ல” என்றார். “உக்காருங்க.”

எட்வின் உட்கார்ந்தார். பக்கத்திலிருந்த பீட்டர்ராஜ் இடம் விட்டுக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். வாசலில் நின்ற வினோத்ராஜ் செல்போனைப் பைக்குள் போட்டுவிட்டு, செருப்பைக் கழற்றி, உள்ளே வந்தார்.

கல்யாணம் மறுநாளே நடந்தது. சாம்பல் புதனுக்கு இரண்டு நாள் முன்பு. கோயில் இன்றைக்கும் தோப்பில்தான் இருக்கிறது. தேங்காய் வெட்டுகிற நாளில் மட்டை விழும் என்பதால் பூசை அரை மணி தாமதமாகும். சாவி ராஜா முகம்மதுவிடம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை மதியம் வேண்டுமென்றால் லத்திபாவிடம் கேட்க வேண்டும். எட்வினின் நாற்பத்தாறு மனுக்களுக்கும் சேர்த்துச் சென்னையிலிருந்து ஒரு பதில் வந்தது: கள ஆய்வில் குறிப்பிட்ட முகவரியில் மூன்று படிக்கட்டுகளும் ஒரு கல்வெட்டும் மட்டுமே காணப்பட்டன, எனவே கோரிக்கை முடித்துவைக்கப்படுகிறது. எட்வின் இப்போது தன் கடிதங்களைத் தானே எழுதுகிறார். அவை ஒரு பக்கத்தைத் தாண்டுவதில்லை. சின்னக் கோயில்காரர்கள், இருநூறு வருடப் பழமை என்று தங்கள் கோயிலுக்கு ஒரு பலகை வைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறார்கள்.

கல்யாணப் பிரியாணியில் உப்புப் பத்தவில்லை.